றஜீவனின் நாற்பத்தொரு புள்ளிகள்

ரோடிங் ரேவன்ஸ் கூடைப்பந்து அணியின் ஆட்டங்களுக்குப் பதினைந்து வருடமாகப் புள்ளி எழுதுகிறவள் சிவகௌரி. சந்தேகம் வந்தால் நடுவர்களே அவள் மேசைப் பக்கம்தான் திரும்புவார்கள். அவளும் ஒருமுறை பிழைவிட்டிருந்தாள். அதை அவளே கண்டுபிடித்தாள், அதுவும் அணியின் இருபத்தைந்தாவது ஆண்டு மலர் அச்சுக்குப் போகிற நாளில்.

ஈஸ்ட் ஹாமில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தொடங்கிய அணி, மூன்று தரம் லீக் கோப்பையை வென்றது. ஆனால் ரசிகர்கள் முதலில் சொல்வது 2011 இறுதிப் போட்டியில் றஜீவன் அடித்த நாற்பத்தொரு புள்ளிகளைத்தான். ஒரே ஆட்டத்தில் அதற்கு மேல் யாரும் அடித்ததில்லை. அவன்தான் இப்போது பயிற்சியாளர். மலரின் அட்டையிலேயே '41' என்று போட்டிருந்தார்கள்.

மலருக்குப் படம் தேடி அந்த இறுதிப் போட்டியின் வீடியோவை ஓடவிட்டபோது சிவகௌரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூடைக்கடியில் நெரிசல். பந்தைப் போட்டவன் நாலாம் இலக்கக்காரன் ஜெரோசன். அவள் எழுதியதோ பதினாலாம் இலக்கக்காரன் றஜீவனின் பெயரில். அப்படியென்றால் நாற்பத்தொன்று இல்லை, முப்பத்தொன்பது.

"விட்டுடுங்க மேடம்," என்றான் மலரைத் தயாரிக்கும் சென்னைக்காரன் நவநீத். "மேட்ச் ஜெயிச்சாச்சுல்ல? யாரு எண்ணப் போறா?"

"நான் எண்ணிப்போட்டன். புள்ளித்தாளின்ர கீழ என்ர பேர் இருக்கு."

"அப்ப கோச்கிட்ட நீங்களே சொல்லுங்க. அவர் சரின்னா மாத்தறேன். அஞ்சு மணிக்கு ஃபைல் போயிடும்."

நாலு மணிக்கு அவள் பயிற்சி அரங்கில் நின்றாள். நவநீத் அதற்குள் றஜீவனுக்குப் போன் பண்ணியிருந்தான்.

"என்னக்கா, என்ர புள்ளியைப் பறிக்க வந்தனீங்களோ?"

"ஓம். ரெண்டு."

றஜீவன் மடிக்கணினியில் மூன்று தரம் பார்த்தான். முகம் கறுத்தது.

"அது தன்ர கூடையெண்டு ஜெரோசன் ஒவ்வொரு பார்ட்டியிலயும் கத்துவான். நாங்கள் சிரிப்பம். சரி, இப்ப ஆற்ற புள்ளி கூட?"

"2016இல ஜெரோசன் அடிச்ச நாப்பது."

"அவன்ரயோ! இனி அவன்ர கடைப்பக்கம் போக ஏலாது. வேண்டாமக்கா, அப்பிடியே விடுங்கோ."

"ஏலாது. பிழை என்ர, நான்தான் திருத்தோணும். ஆனா திருத்தினா முழுசாத் திருத்துவன். வடிவாப் பாரும், ஜெரோசனுக்குப் பந்து குடுத்தது ஆர்?"

இரண்டு எதிராளிகளைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் பந்தைத் தள்ளிய கை றஜீவனுடையது.

"கூடையில முடிஞ்ச பாஸ் உமக்கு அண்டைக்கு ஒன்பதெண்டு எழுதினனான். இதோட பத்து. இறுதிப் போட்டியில புள்ளியும் பாஸும் ரெண்டுமே பத்தைத் தொட்ட ஆள் இந்த அணியில இண்டைவரைக்கும் வேற ஒருத்தருமில்லை."

றஜீவன் அந்த இடத்தை நாலாம் தரமும் ஓடவிட்டான். பிறகு போனை எடுத்தான். மணி நாலே முக்கால்.

"நவநீத், அட்டையை மாத்தும். முப்பத்தொன்பது புள்ளி, பத்து பாஸ். பத்துப் பெரிசாத் தெரியோணும்."

அடுத்த அழைப்பு ஜெரோசனுக்கு.

"டேய், அந்தக் கூடை உன்ரதான்ரா. பாஸ் என்ர, அதையும் சேர்த்துச் சொல்லு."

மறுமுனைக் கூச்சலில் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தான்.

"கடையைப் பூட்டிப்போட்டு இப்பவே வாறானாம், அக்கா."

"வரட்டும்," என்றாள் சிவகௌரி, மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பியபடி. "அவற்ற ஃபவுலிலயும் ஒண்டு எழுதாம விட்டுப்போட்டன்."