தெருக்காரி

வேலை கிடைத்த பெருமையில் வீணாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஈஜிபுராவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழும் கன்னடமும் தண்ணீர் பட்ட பாடு, கால் சென்டரில் பழகிய ஆங்கிலமும் மோசமில்லை. ஜனங்களின் உடல்நலத்தை நேரில் பார்த்து ஆராயக் கனடாவிலிருந்து வந்த ஹன்னா வீடு வீடாகக் கேள்வி கேட்பாள், வீணா மொழிபெயர்ப்பாள். தெருக்காரியே கூட இருந்தால்தான் ஜனங்கள் மனம் திறப்பார்களாம். எந்த மகராசன் கண்டுபிடித்த ஞானமோ!

எதிர்வீட்டு ஷோபா இளைத்துத் துரும்பாகிக்கொண்டிருந்தாள். மகள் அதிதிக்குச் சந்தாபுராவில் மாப்பிள்ளை பார்த்து, பேச்சு முடிகிற சமயம்.

"இருமல், ஜுரம் எதுனா இருக்கானு கேக்கறாங்கக்கா."

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

வீணா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஒருநாள் ஹன்னா தெருவில் தனியாக வருவதைப் பார்த்து ஷோபா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "மேடம், ஐ ஹேவ்..." என்று ஆரம்பிப்பதற்குள் பின்னாலேயே வந்துவிட்டாள் வீணா.

"எதுக்குக்கா கஷ்டப்படற? தமிழ்லயே சொல்லு, நான் இருக்கேன் இல்ல!"

ஷோபா கையை விட்டாள். "டீ குடிக்க வர்றாங்களானு கேட்டேன்."

டீ வந்தது. எத்தனை அன்பான மனுஷி என்று ஹன்னா உருகினாள். அடுத்த வாரம் ஊருக்கும் போய்விட்டாள்.

மழைக்காலத்தில் ஷோபா ரத்தமாக வாந்தியெடுத்து விழுந்தாள். வீணாவும் அதிதியும்தான் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டிபி, இரண்டு நுரையீரலும் போய்விட்டது என்றார் டாக்டர். முன்பே வந்திருந்தால் இலவச மாத்திரையிலேயே குணமாகியிருக்குமாம். வீட்டில் இருப்பவர்களும் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

வீணா ஷோபாவின் கட்டிலருகே போனாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?"

"உங்கிட்டயா? தெருவுக்கே தெரிஞ்சிருக்கும், கல்யாணம் நின்னிருக்கும். அந்த வெள்ளக்காரப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லலாம்னு பாத்தேன். நீ எங்க விட்ட?" மூச்சு வாங்கினாள். "மாப்ள வீட்டுக்காரங்க கேட்டா டைஃபாய்டுன்னுடு. உனக்குத்தான் எடுத்துச் சொல்ல வருமே."

இரண்டு நாளில் ஷோபா போய்விட்டாள். சாவு வீட்டுக்கு வந்த சந்தாபுராக்காரர்கள் என்ன நோய் என்று வீணாவைத்தான் கேட்டார்கள். பாவி, வேறென்ன செய்வாள்? டைஃபாய்டு என்றாள்.

பரிசோதனைக்கு அதிதி போகவில்லை. கல்யாணம் முடியட்டும் என்றாள். இருமல் அவளுக்கும் வந்திருந்தது.