வாய் திறந்த வாசகர்

பல் டாக்டரின் கவிதைத் தொகுப்பு வெளிவந்து எட்டு மாதமாகியிருந்தது. சொந்தக்காரர்கள் மரியாதைக்கு வாங்கினார்கள், ஒருவரும் பிரிக்கவில்லை. மீதிக் கட்டுகள் எக்ஸ்ரே அறையில் கூரையைத் தொட்டன. வாசகர்களை எங்கே போய்த் தேடுவது என்று மருகிக்கொண்டிருந்தவருக்கு ஒரு காலையில் பொறி தட்டியது. தினமும் பத்துப் பேர் தேடி வருகிறார்கள். வந்து படுத்து, வாயையும் மூட முடியாமல் கிடக்கிறார்கள்.

அன்றிலிருந்து சிகிச்சையோடு கவிதையும் தொடங்கியது. எல்லாம் மனப்பாடம் என்பதால் கைகளுக்கு இடைஞ்சல் இல்லை.

வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மட்டும் முணுமுணுத்தாள். “பல்வலியோட வர்றவங்கள ஏன்டா படுத்தற?”

“யாராவது வேண்டாம்னு சொன்னாங்களாக்கா?”

“வாய்ல பஞ்ச வச்சிட்டா எப்படிடா சொல்லுவாங்க?”

செவ்வாய்க்கிழமை ஒரு பஸ் டிரைவர் கடைவாய்ப் பல்லோடு வந்தார். டாக்டர் ஊசி போட்டார். மரத்துப்போகும்வரை காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு கவிதை சொன்னார்.

“படிக்கட்டில் ஒற்றைச் செருப்பு.
இன்னொன்று எங்கே என்று
யாரும் கேட்கவில்லை.
தனிமை என்பது இதுதான்.”

சொன்ன வேகத்தில் அடுத்ததற்குப் போனார். கை தானாகவே குடையும் கருவியை எடுத்தது. டிரைவரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. டிரைவர் கையைத் தூக்கினார். டாக்டர் அதை வாஞ்சையோடு பற்றிக்கொண்டு மூன்றாவது கவிதையைச் சொன்னார்.

பஞ்சை எடுத்ததும் ஆவலாகக் கேட்டார்: “எந்த வரிங்க உங்களை உலுக்கிச்சு?”

“வரியெல்லாம் இல்ல சார். ஊசி பிடிக்கிறதுக்கு முன்னாடியே குடைஞ்சிட்டீங்க.”

டாக்டருக்குக் காதுமடல் சிவந்தது. இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். டிரைவர் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒரு பக்கம் கோணிய வாயோடு தொடர்ந்தார். “ஆனா அந்தச் செருப்பு நல்லாருந்துச்சு சார். கடைசி வரிதான் எதுக்குன்னு புரியல. செருப்பே சொல்லிடுச்சே. நீங்க வேற எதுக்கு மறுபடி சொல்றீங்க?”

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதத்தில் ஒரு மனிதர் கவிதையைக் கேட்டிருக்கிறார், அதுவும் அந்த வலியில். பேனாவை எடுத்து, தொகுப்பின் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த வரியை அடித்து, அவரிடமே கொடுத்தார்.

சனிக்கிழமை காத்திருப்பு அறையில் ஏழு டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். புத்தகம் டிப்போவில் கைமாறி நைந்துபோயிருந்தது. எந்தெந்த வரியை எடுக்கலாம் என்று ஆளுக்கொரு கருத்தோடு வந்திருந்தார்கள்.

அக்கா நோட்டைத் திறந்தாள். “எந்தப் பல்லுங்க?”

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் தைரியமாக மேல்வரிசையில் ஏதோ ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். அதில் நிஜமாகவே சொத்தை இருந்தது.