மேட்ரன் இருந்தாக வேண்டும்

சிறைப் பக்கத்துக் கதவின் மணி அலறியது. முடியைச் சுருட்டி வைத்திருந்த உருளைகளில் கடைசி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த மெல்வாவின் கை அப்படியே நின்றது. வியாழக்கிழமையிலிருந்து அந்தக் கட்டடத்தில் கைதி என்று ஒருவரும் இல்லை. வெளியிலிருந்து யாரையாவது கொண்டு வந்தால்தான் அந்த மணி அடிக்கும்.

"ஆர்லன்?" சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "நீயா? விளையாட்டெல்லாம் வேண்டாம். மத்தியானம் கிளம்பணும், நீ இன்னும் சட்டைகூட மாத்தல."

இரும்புக் கதவு திறந்து மூடியது. பிறகு ஒரு பெண்குரல் கேட்டது.

"பூட்ஸெல்லாம் சாணி. தொடைச்சிட்டு வரணுமா, இப்படியே வரலாமா?"

மெல்வா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆணாக இருந்திருந்தால்கூட ஏதாவது வழி பண்ணியிருக்கலாம்.

அந்தக் கவுண்டியில் போலீஸ் தலைவனான ஷெரீஃப் பதவிக்குத் தேர்தலில் ஜெயித்தவனுக்குச் சட்டையில் குத்தும் நட்சத்திரத்தோடு இந்தச் செங்கல் கட்டடமும் வரும். முன்பாதி வீடு, பின்பாதி சிறை. கீழே ஆண்களுக்கு நான்கு அறை, மாடியில் பெண்களுக்கு ஒன்று. ஜெயித்தவனோடு அவன் பெண்டாட்டியும் வருவாள், ஆர்லனோடு மெல்வா வந்ததுபோல. அவளுக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை. ஆனால் கைதிகளுக்குச் சமைப்பது, படுக்கை விரிப்பு துவைப்பது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, சாப்பாடு முடிந்ததும் ஸ்பூன்கள் எல்லாம் திரும்பி வந்தனவா என்று பார்ப்பது, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்வது, எல்லாம் அவள்தான். கவுண்டி போர்டு அவளைக் கூப்பிட்டுக் கையை உயர்த்தச் சொல்லி சத்தியம் வாங்கிக்கொண்டது பெண் கைதிகளைக் காவல் காக்கும் ஒரே ஒரு வேலைக்கு. மேட்ரன். மாடி அறையில் ஒரு பெண் இருந்தால், இரவோ பகலோ, மேட்ரன் கட்டடத்துக்குள் இருந்தாக வேண்டும். அப்படிச் சத்தியம் செய்த பெண் கவுண்டியிலேயே மெல்வா ஒருத்திதான்.

கைதிகளில் பாதிப் பேருக்கு அவளுடைய முகம் தெரியாது. சமையலறைச் சுவரில் ஒரு இரும்புத் திறப்பு உண்டு. அதன் வழியே தட்டைத் தள்ளுவாள். அந்தப் பக்கம் இரண்டு கைகள் வந்து வாங்கிக்கொள்ளும். நகம் கடித்த கை, மோதிரத் தடம் விழுந்த கை, நடுங்கும் கை. கடைசியாகப் போன கிழவன் கிளெம் அந்தத் திறப்பில் வாயை வைத்து, "உருளைக்கிழங்கு அருமை, அடுத்த வாரமும் குடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரத்தில் அவளைப் பாராட்டிப் பேசிய ஒரே ஆள் அவன். ஊர்ப் பெண்கள் காபி குடிக்க இந்த வீட்டுக்கு வருவதில்லை. ஆரம்பத்தில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னாலிருந்து யாரோ விசிலடித்ததும் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ஆர்லனும் அவளும் சேர்ந்து எங்கேயும் போவதில்லை. ஒருவர் வெளியே என்றால் ஒருவர் உள்ளே. சர்ச்சுக்குக்கூட வாரம் மாற்றி வாரம்தான். வருஷா வருஷம் பிப்ரவரியில் லிங்கன் நகரத்து ஓட்டலில் மாநிலத்து ஷெரீஃப்கள் எல்லாரும் மனைவிகளோடு கூடிச் சாப்பிடும் விருந்துக்கும் ஆர்லன் தனியாகத்தான் போய்வருவான். இந்த வருஷம் அதிசயமாகச் சிறை காலியானது. வயர்லெஸ்ஸைப் பார்த்துக்கொள்ள உதவி ஷெரீஃப் டுவேனின் அம்மா சம்மதித்துவிட்டாள். மெல்வா தபாலில் ஒரு நீல உடுப்பு வரவழைத்தாள்.

உடுப்பையும் விருந்தையும் விட அவளுக்கு வேண்டியிருந்தது நொரீன். பக்கத்துக் கவுண்டி ஷெரீஃபின் மனைவி. இரண்டு பேரும் வயர்லெஸ்ஸில் பேசப் பேசச் சிநேகமானவர்கள். இவளுக்கு அவளுடைய இருமல் தெரியும், அவள் வீட்டு நாயின் குரைப்பு தெரியும், முகம் மட்டும் தெரியாது. நொரீனின் கவுண்டி பெரியது. சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள். அவள் எல்லா விருந்துக்கும் போவாள்.

"நீல உடுப்பா? சரி, வாசல்லயே நின்னு பிடிச்சிடறேன்" என்று போன வாரம் சொல்லியிருந்தாள். "வருஷா வருஷம் உன் வீட்டுக்காரன்கிட்ட கேப்பேன், மெல்வா வரலியான்னு. அவளுக்குக் கூட்டம்னாலே ஆகாதுன்னுவான். அப்படியாடி?"

"எனக்கா? கூட்டத்தைப் பாத்தே வருஷக்கணக்காச்சு!" என்று மெல்வா சிரித்தாள். ஆர்லன் ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். நொரீனிடம் பேச வேண்டியதை எல்லாம் பாத்திரம் கழுவும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். உன் வீட்டிலும் ராத்திரியில் அழுவார்களா? அப்போது நீ என்ன செய்வாய்? இதை வேறு யாரிடம் கேட்பது?

ஆர்லன் சமையலறை வாசலில் வந்து நின்றான். தொப்பி கையில் இருந்தது. பார்வை அவளுடைய தலைமுடியில் இருந்தது, கண்ணில் இல்லை.

"ட்ரூடி ஸ்வபோடா" என்றான்.

"அந்தக் காளை விவகாரமா?"

"ஆமா. கோர்ட்டுக்கு வரலைன்னு வாரண்ட்."

"அது மூணு வாரமா உன் மேஜையிலதானே கெடந்துச்சு? இன்னைக்கா ஞாபகம் வரணும்?"

"என்னைக்குன்னா என்ன, செய்ய வேண்டியதுதானே. ஜட்ஜ் திங்கக்கிழமைதான் வர்றாரு. அதுவரைக்கும் இங்கதான்."

"ஆர்லன், அவ எங்க ஓடப்போறா? மாட்டுக்குத் தண்ணி காட்டாம அவ தெருமுனையைக்கூடத் தாண்ட மாட்டா. வீட்லயே இருன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"இன்னைக்கு இவளுக்கு அப்படிச் சொன்னா, நாளைக்கு எல்லாரும் அதையே கேப்பாங்க."

"அப்ப நொரீனோட கவுண்டில கொண்டுபோய் விடலாம். போற வழிதானே?"

"அதுக்கு ஜட்ஜோட உத்தரவு வேணும்." தொப்பியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றினான். "அங்க ஒண்ணுமே இருக்காது மெல்வா. மைக்ல ஒருத்தன் பேசுவான், எல்லாரும் கை தட்டுவாங்க, மாட்டுக்கறி வெந்திருக்காது. அடுத்த வருஷம் கண்டிப்பா போலாம்."

அவள் கொக்கியிலிருந்து மாடிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

பெண் கைதியைச் சோதிப்பதும் மேட்ரன் வேலைதான். ட்ரூடி சுவரைப் பார்த்துக் கையை விரித்து நின்றாள். கோட்டுப் பையில் ஒரு இடுக்கியும் மூன்று ஆணியும் வேலிக்கம்பித் துண்டும் இருந்தன. மெல்வா அவற்றை ஒரு காகிதப் பையில் போட்டாள். பூட்ஸின் நாடாவையும் உருவிக்கொண்டாள்.

ட்ரூடி தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தாள். "சுருள் முடி, புது உடுப்பு. என்னை வரவேற்கவா இம்புட்டு அலங்காரம்?"

"பேசாம நில்லு."

"கோவப்படாதேம்மா. நான் மாட்டைத் திருடல. அந்த மனுஷனோட காளை என் வேலியை நாலு தடவை மிதிச்சுது. அஞ்சாவது தடவை என் கொட்டாய்லயே கட்டிப் போட்டுட்டேன். இப்ப அது அவன்கிட்ட போக மாட்டேங்குது. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

சிரிப்பு வந்தது மெல்வாவுக்கு. அடக்கிக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

மத்தியானம் ஆர்லன் கறுப்புக் கோட்டுப் போட்டு, முகச்சவர வாசனையோடு கிளம்பினான். அவளுடைய கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தான். டுவேனின் அம்மா வரவேண்டாம் என்று தானே போனில் சொல்லிவிட்டதாகச் சொன்னான். கார் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தாள். ஓரங்களில் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. ஊரில் ஒரு மனுஷ நடமாட்டம் இல்லை.

வயர்லெஸ்ஸில் நொரீனைக் கூப்பிட்டாள். ஏதோ ஒரு ஆண் குரல், "அவங்க காலையிலயே கிளம்பிட்டாங்க" என்றது. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டது. ஒன்றுமில்லை என்றாள். நீல உடுப்பைத் தேடி வாசலில் நிற்கப் போகிறாள் நொரீன். அதை அந்தக் குரலிடம் எப்படிச் சொல்வது?

உடுப்பைக் கழற்ற மனமில்லை. அதன் மேலேயே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கை வேகவைத்தாள். மாடி அறைக்கு இரும்புத் திறப்பு இல்லை, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறவேண்டும். எப்போதும் ஒரு தட்டோடு ஏறுபவள், இன்று தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அதைச் செய்யக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ட்ரூடி பசியோடு சாப்பிட்டாள். "புருஷன் செத்ததுலேர்ந்து என் எதிர்ல ஒக்காந்து யாரும் சாப்பிட்டதில்ல. கம்பி இருந்தா என்ன" என்றாள். பிறகு ஏப்ரனுக்குக் கீழே தெரிந்த நீலத்தைப் பார்த்தாள். "நெஜமா எங்க கிளம்பின நீ?"

மெல்வா சொன்னாள். லிங்கன், ஓட்டல், நொரீன். ட்ரூடியின் வாய் மெல்வதை நிறுத்தியது.

"அடப்பாவமே. என்னாலயா போகல?"

"உன்மேல என்ன இருக்கு. நீ இங்க இருந்தா நான் இங்க இருக்கணும், அதுதான் சட்டம். வாரண்ட்னா அவனும் கொண்டு வந்துதானே ஆகணும்?"

ட்ரூடி ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை நானே வந்து நிக்கறேன்னுதான் சொன்னேன் மெல்வா. உன் புருஷன்தான் கொட்டாய் வாசல்ல தொப்பியைக் கழட்டிக்கிட்டு, 'கேஸை நான் பேசி முடிச்சுத் தர்றேன், இந்த ரெண்டு நாள் மட்டும் வந்து இருந்துடு ட்ரூடி'ன்னு கெஞ்சினான், பாக்கவே பாவமா இருந்துச்சு."