கேள்வித்தாளில் இல்லாத எண்

"முந்நூற்றுத் தொண்ணூற்றாறு" என்றார் தம்பையா. "இது என்ன எண், பிள்ளை?"

நிரோஷினி கதிரையின் நுனிக்கு வந்தாள். உளச்சார்புப் பரீட்சை எழுதியவர்களில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் அது நேர்முகத்துக்குத்தான் என்று நம்பி, சேலை கட்டிக்கொண்டு உட்துறைமுக வீதிக்கு வந்திருந்தாள். வந்து பார்த்தால் மேசையில் நேர்முகக் கோப்பு எதுவும் இல்லை. உரித்துப் பாதியான ஒரு தோடம்பழம் இருந்தது. அதற்குப் பின்னால், கப்பற் சேவை நிறுவனத்தின் தேர்வுச் சபைத் தலைவர் தம்பையா. கொழும்பிலிருந்து நேற்றுத்தான் வந்தவர்.

"விளங்கேல்ல, சேர்."

"எனக்கும் விளங்கேல்ல. அதுதான் கூப்பிட்டனான்."

அவளுடைய கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தை அவர் நீட்டினார். கணக்குகளைச் செய்து பார்ப்பதற்கென்று விட்டிருந்த வெற்றுப் பக்கம். அதன் பெரும்பகுதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தார். விரல்களுக்கு நடுவே ஒரு எண் மட்டும் தெரிந்தது. 396. அவளுடைய கையெழுத்துத்தான். ஒன்பதின் வாலை அப்படி இழுத்து எழுதுகிற கெட்ட பழக்கம் அவளுக்கு மட்டும்தான்.

மற்றக் கையால் இன்னொரு தாளைத் தள்ளினார். அங்கேயும் 396. சுற்றி ஒரு வட்டம். கையெழுத்து வேறு.

"இது உமக்குப் பக்கத்தில இருந்து எழுதின பிள்ளையின்ட. றுக்கியா. தெரியுமோ?"

"ஓம் சேர். நாங்கள் ஒண்டாத்தான் படிச்சனாங்கள்."

"நல்லது. கேள்வித்தாளை நான் ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்தன். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு எண்ட எண் அதில எங்கயுமே இல்லை. இல்லாத எண் ரெண்டு பேரின்ட தாளிலயும் இருக்கு. தரவு போதுமா எண்ட ஒரு கேள்விக்கு ரெண்டு பேரும் ஒரே பதில், 'இ'. அதுவும் பிழையான பதில்."

வாய்க்குள் ஒரு சுளையைப் போட்டுக்கொண்டார்.

"சரியான பதில் ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வரலாம். பிழை எப்பிடி ஒரே மாதிரி வரும்?"

நிரோஷினி அந்த எண்ணையே பார்த்தாள். 396. பஸ் இலக்கமா? அடையாள அட்டையின் கடைசி எண்களா? தான் எழுதியதுதான். ஆனால் ஏன் எழுதினாள்? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஒராள் மற்றாளைப் பாத்து எழுதியிருக்கு" என்றார் தம்பையா. "அல்லது ரெண்டு பேருக்கும் வெளியில இருந்து ஏதோ வந்திருக்கு. ஆர் உண்மையைச் சொல்லுதோ அவ நேர்முகத்துக்கு வரலாம். மற்றவவுக்கு இந்த நிறுவனத்தின்ட கதவு இனித் திறக்காது. ரெண்டு பேரும் வாயைத் திறக்காட்டி, ரெண்டு பேருக்கும் இல்லை. வெளியில போய் யோசிச்சுப் போட்டு வாரும்."

விறாந்தையில் வந்து நின்றாள். 

அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு இந்த வேலைக்கு விண்ணப்பிக்கவே ஏலாது. இதைத் தவறவிட்டால் அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. அதிலும் கள்ளி என்ற பெயரோடு தவறவிட்டால்? ஊரில், இறக்கக்கண்டியில், அம்மாவுக்கு என்ன சொல்வது? பங்குக் கோயிலில் யார் முகத்தில் விழிப்பது?

எதிர்ப்பக்க அறையின் கண்ணாடி வழியாக றுக்கியா தெரிந்தாள். முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளைத்தான் முதலில் விசாரித்திருக்க வேண்டும். அவள் என்ன சொல்லியிருப்பாள்?

உவர்மலையில் பற்றிக் சேரின் வகுப்பில்தான் இருவரும் சந்தித்தார்கள். தரவு போதுமா என்று கேட்கிற கணக்குகளுக்குப் பற்றிக் சேர் ஒரு முறை வைத்திருந்தார். கேள்விக்குக் கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். முதலாம் கூற்றை வாசிக்கும்போது இரண்டாவதைக் கையால் மூட வேண்டும். இரண்டாவதை வாசிக்கும்போது முதலாவதை மூட வேண்டும். "மூடாட்டி ஒண்டில வாசிச்சதை மத்ததுக்குள்ள கடத்திக்கொண்டு போயிடுவியள்" என்பார். வகுப்பு முழுக்கக் கையால் தாளைப் பொத்திக்கொண்டு இருப்பதைப் பார்த்தால் ஏதோ செபக் கூட்டம் போல இருக்கும்.

நிரோஷினி அவசரக்காரி. எந்தக் கணக்கைப் பார்த்தாலும் "போதும்" என்பாள். x, x இன் வர்க்கம், இரண்டில் எது பெரிது என்று கேட்டால் வர்க்கம்தான் என்று கையைத் தூக்குவாள். றுக்கியா மெல்ல, "x அரையா இருந்தா?" என்பாள். அரையின் வர்க்கம் கால். பெரியது சிறியதாகிவிடும். நிரோஷினியின் கை கீழே இறங்கும்.

றுக்கியா நேரெதிர். எதையும் நம்பமாட்டாள். ஐந்து விடைகளில் கடைசி விடை 'உ': இரண்டு கூற்றும் சேர்ந்தாலும் போதாது. கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் அதற்குத்தான் புள்ளடி. "றுக்கியா, நீர் எல்லாக் கணக்குக்கும் பிள்ளையார் சுழி போடுறீர்" என்று பற்றிக் சேர் பகிடி பண்ணுவார். "சேர், எங்கட வாப்பாக்குச் சொல்லிப்போடாதீங்க" என்று அவளும் சிரிப்பாள்.

நிரோஷினி விறாந்தைக் கம்பியைப் பிடித்தாள்.

அதுதானே? சந்தேகம் என்றால் 'உ' போடுகிற றுக்கியா இதற்கு மட்டும் ஏன் 'இ' போட்டாள்? இரண்டு கூற்றும் சேர்ந்தால் போதும் என்று அவ்வளவு நிச்சயமாக எப்படி? பக்கத்து மேசையை எட்டிப் பார்த்திருந்தால்தானே! வட்டம் போட்ட அந்த எண்ணுக்கு வேறு என்ன அர்த்தம்?

இல்லை, றுக்கியா அப்படிப்பட்டவள் இல்லை.

ஆனால் அவளும் இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பாளோ? நிரோஷினி பார்த்து எழுதியிருப்பாள் என்று?

கீழே முற்றத்தில், நகருக்குள் சுற்றித் திரியும் மான்களில் ஒன்று, யாரோ எறிந்த தோடம்பழத் தோலை மென்றுகொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தது. சாட்சி கேட்பது போல.

திரும்ப உள்ளே போனாள்.

"சொல்லும்" என்றார் தம்பையா.

"நான் பாத்து எழுதேல்ல, சேர்."

"அப்ப அவ?"

"தெரியாது." வாய் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "றுக்கியா வழக்கமா எல்லாத்துக்கும் போதாது எண்டுதான் போடுறவ. இதுக்கு மட்டும் ஏன் அப்பிடிப் போட்டவ எண்டு எனக்கு விளங்கேல்ல."

தம்பையாவின் பேனை அசைந்தது. "ம்ம். வழக்கமா போதாது எண்டு போடுறவ."

எழுதிவிட்டார். அந்த ஒரு வரி தாளில் ஏறியதும்தான் நிரோஷினிக்கு உறைத்தது. தான் என்ன சொன்னாள்? தெரியாது என்றாள். ஆனால் தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லிவிட்டாளே! ஒரு கூற்று, அவளுடைய பழக்கம். இன்னொரு கூற்று, ஒரே பதில். இரண்டையும் சேர்த்தால் களவு என்று ஆகிவிடுமா? பற்றிக் சேர் பார்த்தால் காதைப் பிடித்துத் திருகுவார்.

கூடவே அவருடைய இன்னொரு சத்தமும் கேட்டது. கேள்வியை வாசிக்காம கூற்றைத் தொடாதேங்கோ!

"சேர், எனக்குக் கேள்வித்தாளைத் தாங்கோ."

"எதுக்கு?"

"நீங்கள் எண்ணை மட்டும் காட்டுறியள். எந்தக் கேள்வி எண்டு காட்டேல்ல. கேள்வி இல்லாமல் என்னெண்டு சேர் பதில் சொல்லுறது?"

தம்பையா அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மற்ற அறையில் கிடந்த வெற்றுக் கேள்வித்தாள் ஒன்றை எடுத்துவரச் செய்து அவள் முன் போட்டார். "தேடும். நான் தேடிக் களைச்சிட்டன்."

அவள் பக்கம் பக்கமாகப் போனாள். மாம்பழம் விற்கிறவர். தொட்டியை நிரப்புகிற இரண்டு குழாய். தகப்பனுக்கும் மகனுக்கும் வயது. எங்கேயும் 396 இல்லை. விரலை வரி வரியாக ஓட்டினாள். இன்னும் ஒரே ஒரு பக்கம்தான். அதிலும் இல்லாவிட்டால்?

விரல் நின்றது.

'ஒரு லொறி கிண்ணியாப் பாலத்தை முழுமையாகக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? கூற்று ஒன்று: லொறி மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. கூற்று இரண்டு: லொறியின் நீளம் 9 மீற்றர்.'

வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள். முதலாம் கூற்றைக் கையால் மூடினாள், எடுத்தாள். இரண்டாவதை மூடினாள், எடுத்தாள்.

பாலத்தின் நீளம் எங்கே?

இல்லை. தரவே இல்லை! பரீட்சை நேரத்தில் அது அங்கே அச்சில் இருந்தது போலவே வாசித்திருக்கிறாள். பொது அறிவு வினாவிடை என்றால் முதலாவதாக வருகிற கேள்வியல்லவா அது. பாலமும் லொறியும் சேர்த்து 405. செக்கனுக்குப் பதினைந்து மீற்றர். இருபத்தேழு செக்கன். செய்து பார்த்தே 'போதும்' என்று போட்டிருக்கிறாள். கையால் எத்தனை கூற்றை மூடி என்ன? தலைக்குள் இருந்ததை மூடவில்லையே.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"சேர், இதுதான்! பாலத்தின்ட நீளம். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு மீற்றர். கேள்வியில தரேல்ல. எனக்குத் தெரிஞ்சபடியா தந்த மாதிரி நினைச்சிட்டன்."

தம்பையா கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பாலம்?"

"கிண்ணியாப் பாலம்."

"அப்பிடி ஒண்டு உண்மையாவே இருக்கோ?"

நிரோஷினி திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

"நான் கடைசியா கிண்ணியாவுக்குப் போனது பாதையில" என்றார் அவர். "லொறி, பஸ் எல்லாத்தையும் மேல ஏத்தித் தண்ணியில கொண்டுபோற மிதவைப் பாதை. கேள்வி எழுதினவர் கணக்குக்காக ஒரு பாலத்தைப் போட்டிருக்கிறார் எண்டெல்லோ நினைச்சன்." சட்டென்று குரல் இறுகியது. "சரி. இது நீர் இப்ப கண்டுபிடிச்ச கதையாவும் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கும் அதே எண் அதே வழியாத்தான் வந்தது எண்டு நான் எப்பிடி நம்புறது?"

"கூப்பிட்டுக் கேளுங்கோ. பாலம் எவ்வளவு நீளம் எண்டு மட்டும் கேளுங்கோ. வேற ஒண்டும் சொல்லாதேங்கோ."

"நீர் அங்க மூலையில இரும். கண்ணால கூடக் கதைக்கக் கூடாது."

றுக்கியா வந்தாள். நிரோஷினியைக் கண்டதும் அவளுடைய முகத்தில் ஏதோ ஒன்று கலங்கி அடங்கியது. இருக்கச் சொல்லும் முன்பே தம்பையா கேட்டார்.

"பிள்ளை, கிண்ணியாப் பாலம் எவ்வளவு நீளம்?"

றுக்கியா அவரைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். இது என்ன புதுப் பொறி என்று அவள் யோசிப்பது அப்பட்டமாகத் தெரிந்தது.

"அளவு தரல்ல, சேர். தீர்மானிக்க ஏலா."

மூலையிலிருந்த நிரோஷினி எழும்பப் பார்த்தாள். அடி பாவி! இண்டைக்குமா பிள்ளையார் சுழி?

தம்பையா கதிரையில் சாய்ந்தார். "எப்பவும் உம்மட பதில் அதுதானாமே. எதுக்கும் போதாது எண்டுதான் போடுவீராமே."

றுக்கியாவின் தலை மெல்லத் திரும்பியது. பார்வை நிரோஷினியில் வந்து நின்றது. நிரோஷினி தரையைப் பார்த்தாள்.

"கிண்ணியாவில பிறந்த பிள்ளை, பாலத்தின்ட நீளம் தெரியாது!" தம்பையா அலட்சியமாகத் தாளை மடித்தார். "போகட்டும். சின்னப் பாலம்தானே. ஒரு நூறு மீற்றர் வருமோ?"

"நூறா?" றுக்கியா வெடித்தாள். "முந்நூத்தித் தொண்ணூத்தாறு மீற்றர், சேர்! இலங்கையிலயே நீளமான பாலம். நேத்துப் பொறந்த புள்ளையும் சொல்லும். கேள்வி எழுதினவருக்குத் தெரியாட்டி நாங்க என்ன செய்ற? அதக்கூட அவர் கேள்வியில—"

நின்றாள். கை தானாக வாயைப் பொத்தியது.

"அல்லாஹ்! கேள்வியில தரல்லயே!"

 தம்பையா எழுந்து விடைத்தாள் கட்டை எடுத்தார். கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று முகவரி பார்த்துப் பார்த்துப் புரட்டினார். அந்த ஒரு விடையில் விரல் வைத்தபடி புரட்டப் புரட்ட அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறார்.

"ஊரே களவு எடுத்திருக்கு" என்றார். "எல்லாரும் 'இ'!"

"ஆனா அது பிழைதானே, சேர்?" நிரோஷினி கேட்டாள்.

"பிழைதான். களவில்லை." மிஞ்சிய தோடஞ்சுளைகளை இருவர் பக்கமும் தள்ளினார். "இந்தக் கேள்வியை நீக்கச் சொல்லி எழுதுறன். வியாழக்கிழமை ரெண்டு பேரும் நேர்முகத்துக்கு வாங்கோ."

வாசலைத் தாண்டி இருவரும் வீதிக்கு வந்தார்கள். உப்புக் காற்று முகத்தில் அடித்தது.

"அவர் அந்த எண்ணைத்தான் கேட்டார். பாலத்தக் கேக்கல்ல" என்றாள் றுக்கியா. "அதுதான் எனக்குப் பிடிபடல்ல."

"எனக்கும்தான்."

"நான் எப்பவும் போதாது எண்டு போடுறன் எண்டது அவருக்கு எப்பிடித் தெரியும், புள்ள?"

நிரோஷினி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினாள். பொய் ஒன்று வாய்வரை வந்தது. விழுங்கினாள். "நான்தான் சொன்னனான். நீ பாத்து எழுதினனீ எண்டு சொல்லேல்ல. ஆனா..."

"ஆனா சொன்ன மாதிரித்தான்."

"ஓம்."

கிண்ணியா பஸ் தூரத்தில் வளைந்து வந்துகொண்டிருந்தது. றுக்கியா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்னை முதல்ல கேட்டாரே. நிரோஷினி அவசரக்காரி, முடிக்க நேரம் போதாட்டி என்ன செய்வாளோ தெரியா எண்டு நானும் சொல்லிட்டன்."

நிரோஷினி திரும்பிப் பார்த்தாள். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பஸ் வந்து நின்றது. றுக்கியா ஏறி, மிதிபலகையில் நின்று, கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்.

"எது பெரிசு? நீ சொன்னதா, நான் சொன்னதா?"

எப்போதும் முதலில் கையைத் தூக்குகிறவள் நிரோஷினி. இன்றைக்குத் தூக்கவில்லை.

"தெரியாது, றுக்கியா. உண்மையாவே தெரியாது."

"சமம்" என்றாள் றுக்கியா. அவள் வாயிலிருந்து இவ்வளவு நிச்சயமாக ஒரு விடை வந்து நிரோஷினி கேட்டதே இல்லை. "வியாழக்கிழமை நேரத்தோட வா. வெறும் வயித்தோட வந்திராத."

பஸ் பாலத்தின் பக்கம் போனது.