மழையில்லாத நாளில் பொரித்த ரொட்டி

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு பிப்ரவரிக் கோடை முற்பகலில் சுல்மா டீச்சர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். வானத்தில் மருந்துக்கும் மேகம் கிடையாது. நாற்பது நாளாக மழை இல்லை; குழாயில் வந்த உப்புத் தண்ணீரில் மாத்தே டீ போட்டால் வாய் கோணியது. அப்படிப்பட்ட நாளில் மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டு, மாட்டுக் கொழுப்பில் பொரித்தெடுத்த ஒரே ஆள் மான்டெவிடியோவில் அவராகத்தான் இருந்திருப்பார். பொரித்த ரொட்டி மழைக்கு உரியது. தூறல் விழுந்தால் ஊரே பொரிக்கும், விழாவிட்டால் யாரும் கொழுப்பு டப்பாவைத் தொடமாட்டார்கள். இதற்குச் சட்டம் ஒன்றும் இல்லை. சட்டம் இருக்கிற விஷயங்களையே சட்டை செய்யாத மக்கள், இதை மட்டும் மீறியதில்லை.

டீச்சர் மீறினார். காரணம் படுக்கையறை அலமாரிக்குள் இருந்தது.

அலமாரி, போய்ச் சேர்ந்துவிட்ட கணவர் ஹெபெருடையது. அவருடைய மூன்று கோட்டுகளும் இப்போது குளியலறைக் கம்பியில் தொங்கின. அவை இருந்த இடத்தில் மூன்று தொட்டிகள், மூன்று கஞ்சாச் செடிகள், மேலே ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி. காலையில் கதவைத் திறந்ததும் டீச்சர் வாய் தவறி வருகைப் பதிவு எடுத்துவிடுவார். மூன்றும் ஆஜர்.

திருட்டு வேலை எதுவுமில்லை. வீட்டுக்கு ஆறு செடி வரை அரசாங்கமே விடுகிறது. தபால் ஆபீஸில் பதிந்துகொண்டால் போதும். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று டீச்சர் இரண்டு பஸ் மாறி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஊரின் அந்தக் கோடியில் இருந்த தபால் ஆபீஸுக்குப் போனார். 'விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும்' என்ற பலகையின் கீழே உட்கார்ந்திருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தான்.

"டீச்சர்! நீங்களா! என்னைத் தெரியலையா? மூணாம் கிளாஸ், கடைசி பெஞ்சு!" என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கக் கூவினான்.

முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தினால் இதுதான் கதி. ஒளிந்துகொள்ள ஓர் இடம் மிஞ்சாது.

எல்லாம் விரல்களால் வந்தது. முட்டுக்கு முட்டு வீங்கி, சட்டைப் பொத்தானைப் போடவே கால் மணி நேரம் ஆகும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் கிரேசியெலா ஒரு நாள் செருப்புப் பெட்டிக்குள் மூன்று நாற்றுகளைக் கொண்டுவந்தாள். "பூவை எண்ணெயில ஊறவெச்சுத் தடவிப் பாருங்க அத்தை. என் மாமியாருக்குக் கேக்குது. உங்களுக்குக் கேக்குமான்னு எனக்குத் தெரியாது, ஆனா சும்மா முனகிட்டு இருக்கிறதுக்கு இது மேல்" என்றாள். செடிகள் பூ விட ஆரம்பித்ததும் வாசனையும் கிளம்பியது. எலுமிச்சைத் தோலையும் நனைந்த நாயையும் ஒரே பையில் போட்டுக் கட்டிய மாதிரி ஒரு வாசனை. அதை அமுக்கக் கொழுப்பு வாசனையைத் தவிர வேறு எதற்கும் சக்தியில்லை. விரல் வலிக்காகச் செடி, செடியின் வாசனைக்காக ரொட்டி, ரொட்டிக்காக மாவு, மாவைப் பிசைவதற்கு அதே விரல். டீச்சர் இதை நினைத்துச் சிரித்ததும் உண்டு, அழுததும் உண்டு.

சட்டப்படி வளர்ப்பவர் எதற்காக மறைக்க வேண்டும்? லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த காகிதத்துக்காக. 'இக்கட்டடத்தில் வாசனை வரும் செடிகளுக்கு இடமில்லை.' அடியில், உருண்டு திரண்ட பள்ளிக்கூடக் கையெழுத்தில், குடியிருப்போர் குழுத் தலைவி. தலைவி வேறு யாருமில்லை, சுல்மா டீச்சரேதான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு எழுதிய காகிதம் அது. இரண்டாவது மாடியில் இருக்கும் டார்டோ, பஸ் டிரைவர், டீச்சரின் பழைய மாணவன், சமையலறை அலமாரியில் மூன்று செடி வைத்திருந்தான். டீச்சர் கூட்டம் போட்டார். "அம்மா முட்டி வலிக்கு டீச்சர்" என்றான் அவன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். அன்றைக்கு லிஃப்ட் வேறு பழுது. மூன்று தொட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, படியில் நின்று வேடிக்கை பார்த்தவர்களைக் கடந்து, தெருக் குப்பைத்தொட்டிவரை மூன்று முறை போய் வந்தான் டார்டோ. அதற்குப் பிறகு அவன் டீச்சருக்குக் கன்னத்தில் முத்தம் கொடுத்ததில்லை. குழாய் ரிப்பேர்காரன்கூட வந்ததும் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் பையைத் திறக்கிற ஊரில், மூன்று வருஷமாக அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் டீச்சருக்கு உறுத்தியது.

இப்போது தன் அலமாரியில் அதே செடி. வெளியே தெரிந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறுவது?

ஆகவே ரொட்டி. முதல் தடவை பொரித்தபோது, முதல் மாடியில் இருக்கும் டார்டோவின் அம்மா இர்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று மொட்டை மாடியிலிருந்த துணிகளை எடுத்துவந்தாள். மழை வரவில்லை. "டீச்சருக்கு வயசாயிடுச்சு" என்றாள். இரண்டாவது தடவையும் வரவில்லை. மூன்றாவது தடவை, கடைசி ரொட்டி சட்டியில் இருக்கும்போதே, எங்கிருந்தோ ஒரு கருமேகம் வந்து கால் மணி நேரம் கொட்டிவிட்டுப் போனது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் மழைக்கு ஏங்கிக் கிடந்த சனங்களுக்குக் காக்கைதான் கண்ணில் பட்டது. அடுத்த முறை பொரித்தபோதும் நாலு தூறல் விழுந்தது. அதோடு கதை முடிந்தது. டீச்சர் வீட்டில் கொழுப்பு வாசனை வந்தால் எதிர்க் கடைக்காரர் தக்காளிக் கூடைகளை உள்ளே இழுத்தார். வராத மழையை யாரும் கணக்கில் வைக்கவில்லை. "டிவிக்காரன் என்ன வேணா சொல்லட்டும். டீச்சர் பொரிச்சாங்களா இல்லையா, அதைச் சொல்லு" என்று படிக்கட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு புதன்கிழமை கதவைத் தட்டியது டார்டோ. தலையை ஆட்டினான்.

"டீச்சர், சனிக்கிழமை எம்பொண்ணு மைதேவுக்குப் பதினஞ்சு வயசு." அந்த ஊரில் பெண்ணுக்குப் பதினைந்து என்றால் கல்யாணம் மாதிரி விழா; அப்பாவோடு வால்ட்ஸ் ஆடியே தீரவேண்டும்.

"தெரியும்பா. பொண்ணு மொட்டை மாடியில வால்ட்ஸ் ஆடிப் பழகுறது என் தலைக்கு மேலதான் கேக்குது."

"மண்டபத்துக்கு வசதியில்ல. மொட்டை மாடியிலதான் வெக்கிறோம். அதான்..." என்று தொப்பியைத் திருகினான். "சனிக்கிழமை நீங்க பொரிப்பீங்களா?"

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் தானாகப் படுக்கையறைப் பக்கம் போனது.

"பொரிச்சீங்கன்னா எங்கம்மா எல்லாருக்கும் போன் போட்டு வரவேண்டாம்னு சொல்லிடுவாங்க. பொண்ணு நாலு மாசமா இதே நெனப்பா இருக்கு."

"பொரிக்க மாட்டேன். தைரியமா பண்ணுங்க" என்றார் டீச்சர். அவன் முகம் மலர்ந்தது. கன்னத்தை நீட்டப்போகிறான் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை கிரேசியெலா வந்து பார்த்து, பூ முற்றிவிட்டது என்று செடிகளை வெட்டினாள். ஹெபெரின் ஹேங்கர்களில் துணிக்கிளிப் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டாள். "ஒரு வாரம் காயணும் அத்தை. வாசனைதான் கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றாள். கொஞ்சமா! சனிக்கிழமை மதியத்துக்குள் அலமாரி, அறை, கூடம் எல்லாவற்றையும் தாண்டி, காற்றுக்காகக் கட்டடத்தின் நடுவே விட்டிருந்த இடைவெளி வழியாக வாசனை மேலே ஏறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், இதை மறைக்க முடியாது.

டீச்சர் மாவை எடுத்துவிட்டார். உப்பைப் போட்டார். கொழுப்பு டப்பாவைத் திறந்தார். நாலே ரொட்டி, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு சொன்னது. தெரியும், இர்மாவின் மூக்குக்கு ஒரே ஒரு ரொட்டி போதும். அப்போது தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. மைதே கடைசித் தடவையாகப் பழகிக்கொண்டிருந்தாள். மூன்றாவது அடியில் தவறினாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

டீச்சர் டப்பாவை மூடினார். இருப்பதில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு மாடிக்குப் போனார்.

நாலு மணிக்கு எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. டார்டோ வாடகைக் கோட்டில் வியர்த்துக்கொண்டு நின்றான். அவன் மச்சான் இறைச்சியைச் சுட்டுக்கொண்டிருந்தான். விறகுப் புகை மாடி முழுக்கச் சூழ்ந்திருந்ததைப் பார்த்து, கடவுளாகப் பார்த்துப் புகையை அனுப்பினார் என்று டீச்சர் மூச்சுவிட்டார். மைதே வான நீலப் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி அப்பாவோடு ஆட ஆரம்பித்தாள்.

பாதி ஆட்டத்தில் காற்று திரும்பியது. தென்மேற்கிலிருந்து சில்லென்று ஒரே அடி. புகை முழுவதும் எதிர்த் தெருப் பக்கம் போய்விட்டது. அது போன இடத்தை, இடைவெளி வழியாக ஏறிவந்த வாசனை அப்படியே நிரப்பியது.

முப்பது பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். முப்பது தலையும் ஒரே பக்கம் திரும்பின, டார்டோவின் பக்கம்.

இர்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். "டேய்! இன்னைக்குமா? பெத்த பொண்ணோட பதினஞ்சுலயுமா? உனக்கு வெக்கமே கிடையாதா?"

"அம்மா, சத்தியமா நான் இல்ல..."

"பின்ன யாரு, உங்கப்பனா எந்திரிச்சு வந்தான்? இந்தக் கட்டடத்துல உன்னை விட்டா வேற யாரு!"

மைதே நடுவில் தனியாக நின்றாள். நீலப் பாவாடையை இன்னும் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்பு தொட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியபோது இருந்த அதே முகம் டார்டோவுக்கு.

"அது என்னுது" என்றார் டீச்சர்.

யாருக்கும் காதில் ஏறவில்லை. வகுப்பறைக் குரலை எடுத்தார். "அவன் இல்லை! என் வீட்டு அலமாரியில மூணு செடி இருக்கு. நான் வளர்த்தது. இவ்வளவு நாளா ரொட்டி பொரிச்சது இந்த வாசனையை மறைக்கத்தான். மழையும் இல்லை, மண்ணும் இல்லை."

இர்மா உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் கைகளை முன்னால் நீட்டினார். "விரல் வலிக்கு..." என்று தொடங்கினார்.

டார்டோ அவரை நிமிர்ந்து பார்த்தான். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, டீச்சர்."

மெதுவாகத்தான் சொன்னான். டீச்சருக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

அப்போது கேக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வானமே உடைந்தது. அந்தக் கோடையின் கடனை ஒரே மூச்சில் தீர்ப்பதுபோல் கொட்டியது.

"என்ன டீச்சர்!" என்று இர்மா மழையில் நனைந்தபடி கத்தினாள். "மழை வரும்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ரெண்டு ரொட்டி பொரிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே!"

பக்கத்தில் இருந்த வீடு டீச்சருடையதுதான். கேக், இறைச்சித் தட்டு, பாட்டுப் பெட்டி, முப்பது பேர், எல்லாம் பத்துப் படி இறங்கி உள்ளே புகுந்தன. கேக் கட்டில்மேல் ஏறியது. மைதேவின் அம்மாவழித் தாத்தா நனைந்த கோட்டைத் தொங்கவிட அலமாரியைத் திறந்தார். உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஹேங்கர் எதுவும் காலியில்ல" என்று பதவிசாக மூடிவிட்டார். கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கி, விட்ட இடத்திலிருந்து வால்ட்ஸ் தொடங்கியது. இந்தத் தடவை மைதேவோடு ஆடியது மாமன்.

"மழை பெய்யுது, ரொட்டி எங்க?" என்று ஹெபெரின் நாற்காலியில் அமர்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே குரல் கொடுத்தாள் இர்மா.

அதுதானே முறை. டீச்சர் சமையலறைக்குப் போய் மதியம் எடுத்துவைத்த மாவில் கையை வைத்தார். விரல் மடங்கவில்லை. கேக் வெட்டக் கத்தி தேடிவந்த டார்டோ வாசலில் நின்றான்.

டீச்சர் மாவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்கு அம்மா முட்டிக்குன்னு சொன்னே. நான் நம்பலை. அத்தனை பேர் பாக்க உன்னைக் கீழ வரைக்கும் தூக்கிட்டுப் போக வெச்சேன். தப்பு பண்ணிட்டேன், டார்டோ. ரொம்பத் தப்பு."

அவன் மாவுக்குள் இருந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருகாலத்தில் கரும்பலகையில் அச்சடித்தாற்போல் எழுதிய விரல்கள். பிறகு கோட்டுக் கையை மேலே சுருட்டினான்.

"தள்ளுங்க."

"வாடகைக் கோட்டுடா. மாவு ஒட்டும்."

"ஒட்டட்டும். தள்ளுங்க டீச்சர்."

நன்றாகவே பிசைந்தான். அம்மாவுக்குப் பிசைந்து பழகிய கை என்று தெரிந்தது. "எல்லாரும் சொல்லத்தான் சொல்லுவாங்க" என்றான், தலை நிமிராமல். "அதுல சில பேருக்கு நிஜமாவே வலிக்கும்."

டீச்சர் தலையசைத்தார். கொழுப்பு காய்ந்தது. முதல் ரொட்டி சட்டியில் விழுந்து சீறி எழும்பியது. அவர் அதைத் திருப்பப் போனபோது, முழங்கை வரை மாவோடு நின்றவன் குனிந்து கன்னத்தை நீட்டினான். டீச்சர் முத்தமிட்டார். மாவும் கொழுப்பும் மழையுமாக மணத்தது அந்தக் கன்னம். வேறு எந்த வாசனையும் அப்போது அவர் மூக்கில் ஏறவில்லை.