புகையில்லா மருந்தின் அனுகூலங்கள்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், புகையின் யுகம் முடிந்தது.

வடக்கு இந்தியானாவில், நோர்பர்ட்டின் கார் கொட்டகையில், மான் வேட்டைப் பருவத்தின் கடைசி நாள் மத்தியானம் இந்தப் பிரகடனம் வெளியானது. வெளியிட்டவன் ஜெரிட், நோர்பர்ட்டின் மனைவி கொலீனுக்கு அண்ணன். திரண்டிருந்த ஜனசமுத்திரம் நோர்பர்ட்டும், பக்கத்து வீட்டுக்காரனான நானும்.

நவம்பரில் தோட்டாத் துப்பாக்கிக்காரர்கள் காட்டை அலசி முடித்த பிறகு, டிசம்பரில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சிறு பருவம் விடுவார்கள். குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, கோலால் கெட்டிக்கிற துப்பாக்கி மட்டும்தான் அதில் செல்லும். ஒரே வெடி. தவறினால் மறுபடி முதலிலிருந்து கெட்டிக்க வேண்டும், அதுவரை மான் காத்திருக்க வேண்டும். எந்த மானும் இதுவரை காத்திருந்ததாகத் தகவல் இல்லை.

நோர்பர்ட்டுக்கு அந்தப் பருவத்தில் மான் கிடைத்தே ஆகவேண்டும். அவன் வேலை பார்த்த, சக்கரத்தில் ஓடும் வண்டிவீடு செய்யும் ஆலையைக் கோடையில் மூடிவிட்டார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள், ஃப்ரீசரில் ஐஸ் மட்டும். நான் கண் ஆபரேஷன் செய்துகொண்டதால் அந்த வருடம் வேட்டை அனுமதியே எடுக்கவில்லை. ஜெரிட் நவம்பரிலேயே தன் மானைச் சுட்டு, மொத்தத்தையும் காரமான குச்சி சாசேஜாக்கி, இந்தியானாபொலிஸில் தன் ஆபீஸ்காரர்களுக்கு விநியோகித்துப் புகழடைந்திருந்தான்.

நோர்பர்ட்டிடம் கருமருந்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. சுட்டால் புகைமூட்டம் எழும்பும். மான் விழுந்ததா ஓடியதா என்று அது கலைந்த பிறகுதான் தெரியும். சுட்ட அன்றே குழலைச் சோப்புத் தண்ணீரில் கழுவாவிட்டால் துருப்பிடிக்கும். ஆனாலும் வருடா வருடம் அதில்தான் அவன் வீட்டுக்குக் கறி வந்தது. ஜெரிட் அதைப் பழைய பொருள் கண்காட்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, வீட்டிலேயே இருக்கட்டும் என்று உத்தரவிட்டான். தன் புதுத் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துச் சொற்பொழிவைத் தொடங்கினான்.

புகை இல்லை என்பதில் தொடங்கி, இரட்டைத் தூரம் போகும், குண்டு நேர்கோட்டில் பாயும், கழுவ வேண்டியதில்லை, நாற்றமில்லை, ஈரம் இழுக்காது என்று அனுகூலங்கள் அணிவகுத்தன. இந்த மருந்துக்கென்றே செய்த குழலில்தான் இதைப் போடவேண்டும் என்றும் எச்சரித்தான்.

"உன் பழைய குழாய்ல இதப் போட்டேன்னு வெய்யி மாப்ளே, உன் மூஞ்சிய கொலீன் போட்டோவுலதான் பாக்கணும். அதனால நீ தொடவே வேணாம். நானே கெட்டிச்சுத் தரேன்."

குட்டித் தராசில் மருந்தை நிறுத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டான். அந்தக் குப்பியைக் கையில் வைத்து ஆட்டியபடியே மருந்தின் குணங்களை விளக்கினான். விளக்கம் முடியாததால் குப்பி சட்டைப்பைக்குப் போனது. பேசிக்கொண்டே குண்டை வைத்துக் கோலால் அழுத்தினான்.

நோர்பர்ட் கொஞ்சம் தயங்கினான். "மச்சான், கோல் ரொம்ப உள்ள போவுதே?"

"அதுவும் ஒரு அனுகூலந்தான். உன் மருந்து மாதிரி இத டம்ளர் டம்ளரா கொட்ட வேண்டியதில்ல. கொஞ்சூண்டு போதும்."

அறிவுள்ள ஒருவர் அவ்வளவு நிச்சயமாகச் சொல்லும்போது எங்களால் என்ன செய்ய முடியும்? தலையாட்டினோம்.

பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்பு, அறுவடை முடிந்த சோளக்கொல்லை ஓரத்துப் பரணில் மூன்று பேரும் ஆரஞ்சுத் தொப்பியோடு ஒடுங்கியிருந்தோம். ஜெரிட்டைப் பேசாமலிருக்க வைத்தது குளிர் மட்டும்தான். அப்போது மரங்களுக்குள்ளிருந்து ஒரு கொழுத்த பெட்டைமான் வந்து, சிந்திக் கிடந்த சோளத்தைத் தின்ன ஆரம்பித்தது. பக்கவாட்டில் நின்றது. நோர்பர்ட்டின் பழைய துப்பாக்கிக்கே எட்டுகிற தூரம்.

அவன் மூச்சைப் பிடித்து விசையை இழுத்தான்.

'டப்' என்று ஒரு சத்தம். தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடிக்கிற பொட்டுக்கேப்பு அதைவிடக் கம்பீரமாக இருக்கும். மான் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. விழவுமில்லை, ஓடவுமில்லை.

ஜெரிட் என் காதில் பெருமையோடு கிசுகிசுத்தான். "பாத்தியா? துளி புகை இல்ல."

மருந்துக்குத் தீ மூட்டுகிற பழைய 'கேப்' பொட்டை நோர்பர்ட் எடுத்துவிட்டுப் புதியதை வைத்தான். மான் மறுபடி குனிந்து தின்றது. இன்னொரு 'டப்'. மான் இரண்டடி நகர்ந்து, அங்கிருந்த கதிரை முகர்ந்தது. இதைவிட ஒத்துழைப்பான மானை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் ஜெரிட்டின் கை சட்டைப்பைக்குப் போனது. வெளியே வந்த குப்பி நிறைய மருந்து இருந்தது. அவன் முகத்திலிருந்து அனுகூலங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின.

இனி வாய்வழியாகக் கொட்ட முடியாது; குண்டு அடியில் இறுகி உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கத்து அடைப்பைக் கழற்றிக் குண்டைத் தள்ளலாம். அதைக் கழற்றுகிற சாவி கொட்டகை மேஜைமேல் இருந்தது, தராசுக்குப் பக்கத்தில். பழைய துப்பாக்கி வீட்டில். வீடு கொல்லைக்கு அப்பால், ஆற்றுப் பாலத்துக்கும் அப்பால்.

மூன்று பேரும் உட்கார்ந்து மான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நோர்பர்ட் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை. வெளிச்சம் இருந்த மட்டும் குறி பார்த்தபடியே இருந்தான். வயிறு நிறைந்ததும் மான் அவசரமில்லாமல் மரங்களுக்குள் போயிற்று. சுடலாமென்று சட்டம் அனுமதிக்கிற நேரமும், பருவமும் அதோடு முடிந்தன.

"கொலீன்கிட்ட நான் என்ன சொல்றது?" என்றான் நோர்பர்ட், யாரையும் பார்க்காமல்.

ஜெரிட் உண்மையாகவே யோசித்தான். அவன் கெட்டவனில்லை, பதில் தெரியாமல் இருந்து பழக்கமில்லாதவன், அவ்வளவுதான்.

"துப்பாக்கியக் கழுவ வேண்டியதில்லன்னு சொல்லு" என்றான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நோர்பர்ட் வீட்டில் உருளைக்கிழங்கு மசியலின் மேல் கறி போடாத வெறும் நூடுல்ஸ்தான்.