ஆமஸ் ஓர்மராடின் பதினாறு நடுக்கங்கள்

1919 பிப்ரவரியில் ஆமஸ் ஓர்மராட் போரிலிருந்து பதினாறு நடுக்கங்களோடு இங்கிலாந்தின் லங்காஷயரில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தான். ராணுவ மருத்துவர் சீட்டில் ஒன்று என்றுதான் எழுதியிருந்தார். எண்ணிப் பார்த்தவள் அவன் மனைவி வினிஃப்ரட். தெருக்கோடிப் பள்ளியில் இலக்கணம் நடத்துகிறவள்; எதையும் பொத்தாம்பொதுவாகச் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. முழங்காலில் ஒன்று, தாடையில் ஒன்று, இடது இமையில் ஒன்று, கோப்பையைத் தூக்கும்போது கைகளில் வருவது ஒன்று, இப்படிப் பதினாறு. தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட வேண்டிய விரல்கள் அவை. நெசவாலை அவன் தறிகளை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டது.

முதல் நடுக்கம் போனது தற்செயலாகத்தான். பக்கத்து வீட்டு பெர்த்தா நட்டால் சூப்போடு வந்தவள், "பாவம், ஷிவர் பண்றான். போர்வையை இழுத்து விடும்மா" என்றாள்.

"அது குளிருக்கு வர்ற வெடவெடப்பு, அக்கா. இது பயத்துல வர்றது. ட்ரெம்பிள்னு சொல்லணும்" என்றாள் வினிஃப்ரட்.

சொல்லி முடிப்பதற்குள் ஆமஸின் கைகள் அடங்கின. ஜன்னல் திரை நடுங்கத் தொடங்கியது. காற்று இல்லை. பெர்த்தா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "கூட ரெண்டு வார்த்தை சொல்லேன்" என்றாள்.

ஆடுவதற்கும் அதிர்வதற்கும் எங்கள் ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சொல் மயிரிழை பிசகினாலும் நடுக்கம் இடம்விட்டுப் போகாது. முழங்காலுக்கு, இயந்திரம் உதறுவதைச் சொல்லும் ஜட்டர் பொருந்தியது. அது மாடிப்படிக்குப் போனது. அன்றிலிருந்து எல்லோரும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார்கள். தாடைக்கு அகராதியில் எதுவும் ஒத்துவரவில்லை. பற்கள் தந்தியடிப்பதற்கு எங்கள் ஊர்க் கிழவர்கள் சொல்லும் டிதர் என்ற சொல்லை பெர்த்தா நினைவுபடுத்தினாள். தாடை நின்று, கரி வாளி கிடுகிடுத்தது. ஆகஸ்டுக்குள் பதினாறும் போயின. ஆலையில் தறிகள் திரும்பக் கிடைத்தன.

முதல் நாள் வேலை முடிந்து அவன் மேட்டுத் தெருவில் ஏறி வந்தான். வாசலில் நின்றிருந்த வினிஃப்ரட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாருக்கா, எப்படி பவுன்ஸ் பண்ணிட்டு வர்றான், கல்யாணத்துக்கு முன்னாடி மாதிரியே" என்றாள். அந்தத் துள்ளலை அவள் நடுக்கத்தோடு சேர்த்து எண்ணியிருக்கவில்லை. அது அவன் கால்களை விட்டு வாசல் கதவுக்குப் போனது. மிச்சமிருந்த பத்தடியை அவன் சவப்பெட்டி தூக்குகிறவனைப் போல நடந்து வந்தான்.

அந்தச் சொல்லைத் தலைகீழாகச் சொல்லிப் பார்த்தாள், கதவிடம் கெஞ்சிப் பார்த்தாள். பயனில்லை. அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், பலகை போலப் படுத்துக்கொண்டான்.

"நல்லதைத்தானே சொன்ன, நீ என்ன பண்ணுவ" என்றான் ஒருநாள். பிறகு அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தான். "இது ஒண்ணுதான் மிச்சம், வினி. இதையும் சொல்லிடேன்."

"மாட்டேன்."

மறுவாரம் அவள் பள்ளி வேலையை விட்டாள், பேச்சையும் விட்டாள். அந்த ஒரு சொல் எப்போதாவது தவறி வந்துவிடும் என்று பயம். தறிச் சத்தத்தில் உதட்டசைவாலேயே பேசிப் பழகிய ஊர் என்பதால் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பதினொரு வருடங்கள், ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டு மேசையில், உப்பைக் கேட்பது போல அவன் அதைக் கேட்டான். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் பாத்திரங்களை எடுத்தாள்.

1930 குளிரில் அவனுக்கு நிமோனியா கண்டது. உடல் கொதித்தது, ஆனால் ஓர் உதறல்கூட இல்லை. இப்படியொரு காய்ச்சலைப் பார்த்ததில்லை என்றார் வைத்தியர். மூன்றாம் நாள் அவனால் கேட்கக்கூட முடியவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். வினிஃப்ரட் அவன் நெஞ்சில் கைவைத்தபடி நண்பகல்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த பெர்த்தாவுக்கு அது யார் குரல் என்று முதலில் தெரியவில்லை.

அடுப்படிச் சுவர் அப்போதுதான் துடிக்க ஆரம்பித்தது. அதன்பின் ஒன்பது வருடங்கள் வினிஃப்ரட் மாலைகளில் நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை. அவள் போன பிறகு குடிவந்தவர்களிடம், அந்தச் சுவரில் மட்டும் ஆணி அடிக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். அவர்களும் அடிக்கவில்லை.